ஆன்டிபயாடிக்கை வைரஸுக்கு எதிராகச் சோதிக்க எந்த வழி? குமரி மாவட்ட ஆய்வகங்களுக்கு ஓர் ஒப்பீடு

மணக்குடிக் காயலின் அலையாத்திச் சேற்றிலிருந்தோ ராஜாக்கமங்கலம் கடற்கரை மணலிலிருந்தோ ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, அது சுரக்கும் பொருளைத் தூய்மைப்படுத்துவது நம் மாவட்டக் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பழகிய வேலை. ஸ்டாஃபைலோகாக்கஸ் வளர்ந்த தட்டில் வட்டமாகத் தெளிவு விழுந்தால் பொருளுக்கு ஆன்டிபயாடிக் குணம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த நாளே மாணவர் கேட்பார்: "சார், இது வைரஸுக்கும் வேலை செய்யுமா?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேட ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பல ஆய்வேடுகள் அவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அதைச் செய்துவிட்டு 'வைரஸ் எதிர்ப்புத் திறன் கொண்டது' என்று முடித்துவிடுகின்றன. எனக்கு இது பெரிய வருத்தம். நம் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் பொருள்களுக்கு இதைவிட நல்ல விசாரணை கிடைக்க வேண்டும்.

முடிவெடுக்க வசதியாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். கையில் 10 மில்லிகிராம் தூய பொருள் இருக்கிறது. மூலக்கூறு எடை ஏறக்குறைய 500. பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கு ஒன்றரை வருடம் மீதி. பணம் அதிகமில்லை. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: செல் நச்சுத்தன்மையை இங்கேயே பாருங்கள், உயிருள்ள வைரஸோடு செய்யும் சோதனையைத் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டாளி ஆய்வகத்தில் செய்யுங்கள், கணினி டாக்கிங்கை (மருந்து ஒரு புரதத்தில் பொருந்துமா என்று கணினியில் பார்ப்பதை) கடைசிக்குத் தள்ளுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

எதை வைத்து ஒப்பிடுவது

பாக்டீரியாவுக்குச் செல் சுவர் இருக்கிறது, புரதம் தயாரிக்கும் சொந்த ரைபோசோம் இருக்கிறது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் இவற்றில் ஒன்றைத் தாக்குபவை. வைரஸுக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தக் கேள்வியே வீண்தானே என்று தோன்றலாம். வீண் இல்லை என்பதற்குச் சில பழைய உதாரணங்கள் உண்டு.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸையும் அது தடுக்கிறது என்று 1969ல் கண்டுபிடித்தார்கள். அதுவும் பாலிமரேஸ் வழியாகத்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆராய்ந்தபோது அது டி13 என்ற வேறொரு புரதத்தில் உட்காருவது தெரிந்தது. வைரஸ் துகளின் உறை உருவாகும்போது சாரம் கட்டுவதுபோல் நிற்கும் புரதம் அது. பாலிமரேஸுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

டெய்கோபிளானின் இன்னொன்று. பாக்டீரியாவின் செல் சுவர்க் கட்டுமானத்தைத் தடுக்கும் மருந்து. எபோலா, மெர்ஸ் வைரஸ்களின் மேற்புரதம் பூட்டிய போலி வைரஸ்கள் செல்லுக்குள் நுழைவதையும் அது தடுத்தது. அது பிடித்தது வைரஸைக்கூட இல்லை, நம் செல்லுக்குள் இருக்கும் கதெப்சின் எல் என்ற நொதியை. அந்த நொதி வெட்டிவிட்டால்தான் அந்த வைரஸ்களால் உள்ளே வர முடியும்.

மூன்றாவது, நியோமைசின். 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதை எலிகளின் சளிச்சவ்வில் தடவியபோது ஹெர்பீஸ், இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களுக்கு எதிரான தாங்கும் சக்தி கூடியது. மருந்து எலியின் சொந்த இன்டர்ஃபெரான் எதிர்வினையை, அதாவது உடலின் வைரஸ் எதிர்ப்பு ஏற்பாட்டை, தட்டி எழுப்பியிருந்தது.

ஆக, ஒரு ஆன்டிபயாடிக் வைரஸைத் தடுக்கிறது என்றால் அது மூன்று இடங்களில் எதிலாவது நடக்கலாம்: வைரஸ் துகளிலேயே, வைரஸின் ஏதோ ஒரு புரதத்தில், அல்லது வைரஸ் தங்கியிருக்கும் செல்லில். எந்தச் சோதனை எந்த இடத்தைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவே முடியாது என்பதுதான் என் அளவுகோல். செலவும் தூரமும் அதற்கு அப்புறம்தான்.

டாக்கிங்

இதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள் இலவசம். புரதத் தரவு வங்கியில் டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா வைரஸ்களின் புரத அமைப்புகள் இலவசம். ஒரு மடிக்கணினி போதும். மாலைக்குள் 'மைனஸ் 8.4 கிலோகலோரி' என்று ஓர் எண் கிடைத்துவிடும், கூடவே அழகான படமும்.

அந்த எண் சொல்வது ஒன்றுதான்: நாம் தேர்ந்தெடுத்த புரதத்தின் நாம் தேர்ந்தெடுத்த குழியில் இந்த மூலக்கூறு வடிவப்படி பொருந்தக்கூடும். செல்லுக்குள் போகுமா, போகும் வழியில் சிதையுமா, செல்லைக் கொல்லுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெரிய மூலக்கூறுகளுக்கு மதிப்பெண் தானாகவே நன்றாக வரும் போக்கும் உண்டு. நம் சேறு தரும் மேக்ரோலைடுகள், பெப்டைடுகள் எல்லாம் பெரிய மூலக்கூறுகள்தான்.

ரிஃபாம்பிசின் கதையை இங்கே பொருத்திப் பாருங்கள். 1969ல் டாக்கிங் இருந்து, ஒருவர் அதை வாக்சினியாவின் பாலிமரேஸோடு பொருத்திப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல மதிப்பெண் வந்திருந்தாலும் தவறான காரணம், மோசமான மதிப்பெண் வந்திருந்தால் ஒரு நல்ல கண்டுபிடிப்பு குப்பைக்கு. வைரஸ் தடுக்கப்படுகிறது என்று செல்லில் கண்ட பிறகு, எந்தப் புரதம் என்று ஊகிக்க டாக்கிங் உதவும். முதல் வாசலாக அது தகாது.

ஃபேஜ் சோதனை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஆய்வகங்களில் உள்ள வசதிக்குள் உயிருள்ள ஒரு வைரஸோடு செய்யக்கூடிய சோதனை, பின்னால் வரும் இலைச் சோதனையை விட்டால், இது ஒன்றுதான். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். பாதாளச் சாக்கடைத் தண்ணீரிலிருந்துகூடப் பிரிக்கலாம், மனிதருக்கு ஆபத்தில்லை. மென்மையான அகாரில் இ.கோலையோடு கலந்து ஊற்றினால் மறுநாள் காலையில் பாக்டீரியாப் படலத்தில் ஓட்டை ஓட்டையாகப் பிளேக் தெரியும். எண்ணிவிடலாம்.

சாதாரணச் சேர்மத்துக்கு இது நல்ல தொடக்கம். நம் கையில் இருப்பது ஆன்டிபயாடிக் என்பதுதான் சிக்கல். ஃபேஜ் வளரப் பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும். மருந்து பாக்டீரியாவையே கொன்றால் படலமே உருவாகாது. கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் மெதுவாக்கினாலும் பிளேக் சிறுத்துக் குறையும். இரண்டையும் 'ஃபேஜ் தடுக்கப்பட்டது' என்று எழுதிவிட முடியும், இரண்டுமே பொய்.

இதைச் சரிசெய்ய இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவை ஃபேஜ் வளரும் செல்லாக வைப்பது. ரிஃபாம்பிசின் என்றால் அதன் இலக்குப் புரதத்தில் பிறழ்வு கொண்ட இ.கோலை சுலபமாகக் கிடைக்கும். உங்கள் புதுப் பொருளுக்கு எதிர்ப்புப் பெற்ற வகையை நீங்களே தட்டில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதிலும் கவனம் தேவை. எதிர்ப்பு என்பது மருந்தை வெளியே தள்ளும் பம்பினால் வந்ததென்றால், ஃபேஜ் இருக்கும் இடத்துக்கும் மருந்து போய்ச் சேராது. இரண்டாவது முறை, ஃபேஜையும் மருந்தையும் தனியாகக் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, பாக்டீரியாவைத் தடுக்கும் அளவுக்கு வெகு கீழே நீர்த்துப்போகச் செய்த பிறகு தட்டில் ஊற்றுவது. இது துகளின் மீதான நேரடித் தாக்கத்தை மட்டும் காட்டும்.

இரண்டையும் செய்து ஃபேஜ் உண்மையிலேயே தடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மனித வைரஸைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? 2018ல் ஓர் அருமையான ஆய்வு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் தயாரிக்கும் டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற பொருள்கள் இரட்டை இழை டிஎன்ஏ ஃபேஜ்களைத் தடுக்கின்றன என்று காட்டினார்கள். 2022ல் நியோமைசினின் குடும்பமான அமினோகிளைகோசைடுகள் சிலவும் ஃபேஜ் தொற்றைத் தடுப்பது தெரியவந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் தங்கள் எதிரிகளான ஃபேஜ்களுக்கு எதிராக இவற்றைப் பயன்படுத்துகின்றன என்ற எண்ணமே மிக அழகானது. ஆனால் டானோரூபிசினும் டாக்ஸோரூபிசினும் புற்றுநோய் மருந்துகள். டிஎன்ஏ இழைகளுக்கு இடையே நுழைபவை, நம் செல்லுக்கும் கடுமையான நஞ்சு. ஃபேஜ் தட்டு அந்த நஞ்சைக் காட்டவே காட்டாது. மூன்றாவது இடம், அதாவது நம் செல், இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. டெய்கோபிளானினையும் நியோமைசினின் இன்டர்ஃபெரான் வேலையையும் ஃபேஜ் சோதனை முழுதாகத் தவறவிட்டிருக்கும்.

என் தீர்ப்பு: ஃபேஜ் சூழலியல் உங்கள் ஆர்வம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதற்கென்றே ஒரு ஆய்வேடு எழுதலாம். மனித வைரஸுக்கான சான்றாக மட்டும் அதைக் காட்டாதீர்கள்.

நொதிக் கிட்

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், நியூராமினிடேஸ், கொரோனாவின் முக்கியப் புரோட்டியேஸ் ஆகிய வைரஸ் நொதிகளுக்குத் தயார் கிட்கள் விற்கின்றன. வைரஸ் வேண்டாம், பாதுகாப்பு அடுக்கு வேண்டாம், ஒரு பிளேட் ரீடர் போதும். டாக்கிங்கைவிட ஒரு படி மேல், ஏனென்றால் உண்மையான புரதம் உண்மையான மருந்தைச் சந்திக்கிறது. ஆனால் குருட்டுத்தனம் அதேதான்: நாம் தேர்ந்தெடுத்த ஒரே புரதம். கிட் விலையும் குறைவில்லை. நிறமுள்ள பொருளாக இருந்தால் (கடல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பொருள்கள் பல மஞ்சள், சிவப்பு, ஊதா) ஒளியை அளக்கும் ரீடரையே அது ஏமாற்றிவிடும். இலக்கு தெரிந்த பிறகு வாங்குங்கள்.

இலைச் சோதனை

இந்த வழியை நம் மாவட்டத்தில் அதிகம் பேர் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏத்தன், செவ்வாழை, புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழை எல்லாவற்றுக்கும் முடிக்கொத்து நோய் ஒரு சாபம். அது வைரஸ் நோய், வந்த மரத்தைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர மருந்து கிடையாது. தாவர வைரஸுக்கு எதிராக ஓர் ஆன்டிபயாடிக் உண்மையிலேயே வயலில் பயன்பட்ட உதாரணமும் இருக்கிறது: சீனாவில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து கிடைத்த நிங்நான்மைசின். புகையிலை மொசைக் வைரஸுக்கு எதிராக விற்பனைக்கு வந்தது. தாவர வைரஸ் மருந்து ஆய்வுகளில் ஒப்பீட்டு மருந்தாக இன்றும் அதைத்தான் வைக்கிறார்கள்.

சோதனை எளிது. நிகோட்டியானா குளூட்டினோசா என்ற காட்டுப் புகையிலைச் செடியின் இலையில் புகையிலை மொசைக் வைரஸ் கலந்த சாற்றைக் கார்பரண்டம் என்ற சொரசொரப்பான தூளோடு மெல்லத் தேய்த்தால், சில நாட்களில் தொற்றிய இடமெல்லாம் கருகிய புள்ளிகளாகத் தெரியும். 1929லிருந்து பழகிவரும் முறை இது. இலையின் ஒரு பாதியில் மருந்து, மறுபாதியில் வெறும் கரைப்பான். இரு பக்கமும் புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். கொசுவலைக் கூண்டும் தொட்டிகளும் இருந்தால் கல்லூரித் தோட்டத்திலேயே செய்யலாம். பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில்தான், செடி வளர்ப்பில் சந்தேகம் வந்தால் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முடிக்கொத்து வைரஸையே இப்படி இலையில் தேய்த்துச் சோதிக்க முடியாது. அது சாறு வழியாகப் பரவாது, வாழை அசுவினி வழியாகத்தான் பரவும், நட்ட கன்று வழியாகவும் போகும். எனவே புகையிலை மொசைக்கில் கிடைத்த பலனை வாழைக்குக் கொண்டுபோக இன்னொரு நீண்ட ஆய்வு தேவை. இன்னொரு கவலை அதைவிடப் பெரியது. பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு பொருளைத் தோட்டம் முழுக்கத் தெளித்தால் மண்ணில் எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்களை நாமே வளர்த்துவிடுவோம். மருத்துவத்துக்குத் தேவைப்படும் ஆன்டிபயாடிக் குடும்பம் என்றால் வயல் பக்கமே போகக் கூடாது.

செல்லும் வைரஸும்

எல்லா வழிகளிலும் மூன்று இடங்களையும் ஒரே சமயத்தில் பார்ப்பது இது ஒன்றுதான். உயிருள்ள செல், உயிருள்ள வைரஸ், நடுவில் நம் மருந்து. எந்தப் புரதம் என்று முன்கூட்டியே ஊகிக்கத் தேவையில்லை.

முதலில் செல் நச்சுத்தன்மை. மருந்து மட்டும், வைரஸ் கிடையாது. செல்களில் பாதி இறக்கும் செறிவை சிசி50 என்பார்கள். பிறகு வைரஸ் பாதியாகக் குறையும் செறிவு, ஈசி50. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தேர்வுக் குறியீடு. அது 10ஐத் தாண்டினால் மேலே போகலாம் என்பது பொதுவான வழக்கம். 2, 3 என்று வந்தால் மருந்து செல்லை நோகடிக்கிறது, நொந்த செல்லில் வைரஸும் வளரவில்லை, அவ்வளவுதான். வைரஸ் குறைந்த எண்ணை மட்டும் எழுதி, சிசி50ஐ எழுதாத ஆய்வுக் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

ஆன்டிபயாடிக்குகளுக்கென்றே இங்கே ஒரு பொறி இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா ரைபோசோமின் சொந்தக்காரர். டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் போன்றவை அதையும் தொடும். நம் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் எம்டிடி சோதனை செல்லின் வளர்சிதை மாற்றத்தை, பெருமளவு மைட்டோகாண்ட்ரியாவின் வேலையை, அளக்கிறது. மருந்து மைட்டோகாண்ட்ரியாவை மந்தமாக்கினால், செல் உயிரோடு இருக்கும்போதே எம்டிடி 'இறந்துவிட்டது' என்று காட்டலாம். மறுபக்கம், குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் செல்கள் மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே சமாளித்துக்கொள்வதால், உண்மையான நஞ்சு மறைந்தும் போகலாம். எனவே எம்டிடியோடு நியூட்ரல் ரெட் அல்லது டிரிபான் புளூ சாயச் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். கூடுதல் செலவு சொற்பம்.

செல்லில் மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாமல் செல்லோடு வாழும் பாக்டீரியா. உங்கள் மருந்து அதைக் கொன்றால் செல்லின் நடத்தை மாறும், அந்த மாற்றத்தை வைரஸ் கணக்கில் எழுதிவிடுவோம்.

அடுத்தது, எந்தச் செல். 1962ல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான வீரோ செல்தான் உலகம் முழுக்கப் பழக்கம். அதில் வைரஸ்கள் செழித்து வளரும், காரணம் அந்தச் செல்லால் முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்க முடியாது. வசதிதான். ஆனால் நியோமைசின் போல இன்டர்ஃபெரானைத் தட்டி எழுப்பும் பொருள் வீரோவில் ஒரு பலனும் காட்டாது. வேறு விதமாகவும் வீரோ ஏமாற்றும். குளோரோகுயின் வீரோவில் கொரோனாவைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்லான காலு-3ல் தடுக்கவில்லை என்று 2020லேயே காட்டினார்கள். வீரோவில் வைரஸ் நுழையும் வாசல் வேறு, நுரையீரலில் வேறு. ஆகவே வீரோவில் கிடைத்த பலனை ஒரு மனிதச் செல்லிலும் உறுதிப்படுத்துவது நல்லது.

செல்லில் கிடைக்கும் பலனை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் இரண்டு பாடங்கள். மண் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்த பொருளிலிருந்து வந்த ஐவர்மெக்டின், 5 மைக்ரோமோலாரில் செல் தட்டில் கொரோனா வைரஸை அடித்து நொறுக்கியது. வழக்கமான டோஸில் ரத்தத்தில் சேரும் அளவு அதைவிட 50 மடங்குக்கும் மேல் குறைவு. மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அசித்ரோமைசினுக்கும் செல் தட்டில் பலன் காட்டிய கட்டுரைகள் இருந்தன. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் 7,763 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2021ல் வந்தது: மருந்து பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 28 நாளில் இறந்தவர்கள் ஒரே 22 சதவீதம். இன்றும் ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரைப் பட்டையைக் கேட்டு வாங்குகிறார்கள். அரைகுறைச் சோதனை ஒன்று தலைப்புச் செய்தியானால் அதன் விலையைத் தெருக்கோடி வரை எல்லோரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவது அதனால்தான்.

எந்த வைரஸ்? இரண்டு எடுக்கலாம் என்பது என் யோசனை. ஒன்று சிக்குன்குனியா, ஆர்என்ஏ வைரஸ். 2006ல் தென்னகத்தை முடக்கிப்போட்டது நம் வீட்டுப் பெரியவர்களின் முட்டிவலியில் இன்னும் இருக்கிறது. வீரோவில் இரண்டு மூன்று நாளில் தெளிவான பிளேக் தரும். டெங்குவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மற்றது ஹெர்பீஸ் 1, டிஎன்ஏ வைரஸ். அதற்கு ஏசைக்ளோவிர் என்ற நிரூபணமான மருந்தை ஒப்பீட்டுக்கு வைக்கலாம். தட்டில் ஏசைக்ளோவிர் வேலை செய்யவில்லை என்றால் அன்றைய சோதனையே தவறு என்று தெரிந்துவிடும். செல் பிழைத்ததா என்று காட்டும் நிறமாற்றத்தை மட்டும் பார்க்காமல் பிளேக் எண்ணிக்கை வரை போங்கள். கிடைத்தால் மருந்தை வைரஸுக்கு முன், வைரஸோடு, வைரஸ் நுழைந்த பிறகு என்று நேரம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நுழைவைத் தடுக்கிறதா, உள்ளே பெருகுவதைத் தடுக்கிறதா என்று அதிலேயே பாதி விடை கிடைக்கும்.

எங்கே செய்வது

சொந்தமாகச் செல் ஆய்வகம் தொடங்கலாமா என்று ஆசை வரும். வைரஸ் இல்லாத செல் வளர்ப்பு என்றால் சரி. புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வீரோவை வாங்கலாம், லேமினார் கூண்டும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரும் சில கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் நம் ஊர் இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர். ஈரக் காற்றில் பூஞ்சை எங்கிருந்தாவது வந்துவிடும். 2017 ஒக்கிப் புயலின்போது எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். செல் செத்தால் மறுபடி வாங்கலாம். வைரஸ் வைத்திருக்கும் ஆய்வகத்தில் காற்றழுத்தக் கட்டுப்பாடும் ஆட்டோகிளேவும் நின்றுபோனால் அது வேறு விஷயம். வைரஸை இங்கே வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் அளவுதான், காலையில் ரயிலேறினால் மாலை வீடு திரும்பலாம். ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் அங்கே இருக்கிறது. தோன்னைக்கல்லில் வைரஸ் ஆராய்ச்சிக்கென்றே உயர்நிலை வைராலஜி நிறுவனம் இருக்கிறது. சென்னை கிண்டி கிங் நிலையமும் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் நல்ல பெயர் பெற்றவைதான், ஆனால் ஓர் இரவுப் பயணம். ஒரு மாணவர் மாதக்கணக்கில் போய்வர வேண்டிய வேலைக்குத் தூரம் முக்கியம். கடிதம் எழுதும்போது 'எங்கள் சேர்மத்தைச் சோதித்துத் தாருங்கள்' என்று கேட்பதைவிட, சிசி50, தூய்மை விவரம், பாக்டீரியாத் தடுப்பு அளவு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு 'கூட்டாகச் செய்யலாமா, எங்கள் மாணவர் அங்கே வந்து கற்றுக்கொண்டு செய்வார்' என்று கேளுங்கள். பதில் வரும் வாய்ப்பு அதிகம். எந்த வைரஸை எந்த அடுக்குப் பாதுகாப்பில் கையாளலாம் என்பதை அவர்களுடைய உயிரியல் பாதுகாப்புக் குழு தீர்மானிக்கும், அந்த ஒப்புதலுக்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கொடுத்துத் தனியார் ஒப்பந்த ஆய்வகத்தில் கொடுப்பது வேகமான வழி. அறிக்கை சுத்தமாக வரும், மாணவருக்கு ஒரு பிளேக்கைக்கூட எண்ணத் தெரியாது. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் நம் சேற்றில் கிடைத்த உயிரியின் பொருள் என்பதால் 2002 பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

10 மில்லிகிராம் போதுமா

மாணவர்களின் பெரிய பயம் இது. கணக்குப் போட்டால் பயம் போய்விடும். 500 எடை கொண்ட பொருள் 10 மில்லிகிராம் என்றால் 10 மில்லிமோலார் கரைசல் 2 மில்லிலிட்டர் கிடைக்கும். கரைப்பானான டிஎம்எஸ்ஓ அரை சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க, உச்ச செறிவாக 50 மைக்ரோமோலார் வைக்கலாம். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் அதில் 2.5 மைக்ரோகிராம் மருந்துதான். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் வரிசைக்கு மொத்தம் 5, மும்முறை செய்தால் 15 மைக்ரோகிராம். ஆறு குழித் தட்டில் 2 மில்லிலிட்டர் வைத்துச் செய்யும் பிளேக் சோதனைக்கு அதே கணக்கில் 300 மைக்ரோகிராம், அதாவது 0.3 மில்லிகிராம். இரண்டு வைரஸ், சிலமுறை திரும்பச் செய்தாலும் 3 மில்லிகிராமுக்குள் அடங்கும்.

இலைச் சோதனைக்கு 50 மில்லிலிட்டர் தெளித்தால் ஒரே செறிவுக்கு 1.25 மில்லிகிராம் போய்விடும். எலியில் என்றால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் டோஸில், 25 கிராம் எடையுள்ள 10 எலிகளுக்கு 5 நாள் கொடுக்கவே 12.5 மில்லிகிராம். கையிருப்பைத் தாண்டிவிட்டது. எலியை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பொருளைக் காய்ந்த தூளாகவே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்கள், கரைப்பது அங்கே. டிஎம்எஸ்ஓ 18 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும், ஐஸ் பெட்டியில் உறைந்து உருகி உறைந்து போய்ச் சேர்ந்த கரைசலின் செறிவை நம்ப முடியாது. 2 மில்லிகிராமை மட்டும் தனியாக எடுத்து உங்கள் கல்லூரி ஆய்வகத்தின் ஃபிரீசரில் பூட்டி வையுங்கள், பின்னால் தூய்மையைச் சரிபார்க்க யாராவது கேட்டால் அது வேண்டும்.

பலன் வந்தால், தேர்வுக் குறியீடு 10ஐத் தாண்டி மனிதச் செல்லிலும் நின்றால், அடுத்த வேலை வேதியியலாளருடையது: பாக்டீரியாவைக் கொல்லும் பகுதியை மூலக்கூறிலிருந்து கழற்றி, வைரஸைத் தடுக்கும் குணத்தை மட்டும் தக்கவைக்க முடியுமா? டெய்கோபிளானின் குடும்பத்தில் பாக்டீரியாவைத் தொடாமல் வைரஸை மட்டும் தடுக்கும் வழிப்பொருள்களை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறார்கள். அது கைகூடினால் மட்டுமே, காய்ச்சலுக்குக் கொடுக்கும்போது குடல் பாக்டீரியாக்களை அழித்து எதிர்ப்பை வளர்க்காத ஒரு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

பலன் வராவிட்டால், குறியீடு 3லேயே நின்றுவிட்டால், அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள். செய்த செல், வைரஸ், செறிவு, ஏசைக்ளோவிர் ஒப்பீடு எல்லாவற்றோடும். பொருள் ஒரு நல்ல ஆன்டிபயாடிக்காக இன்னும் இருக்கிறது. மீதியுள்ள மாதங்களை எதிர்ப்புப் பெற்ற ஸ்டாஃபைலோகாக்கஸ் மீது செலவிடலாம், அந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஏராளமாகக் காத்திருக்கிறது.